பள்ளிக்கூடத்துப் பஞ்சு

ஞானமணி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியை, இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் சைக்கிளில் வந்து சொன்னார். நான் உடனே அழவில்லை. "நீங்க கண்ணால பாத்தீகளா?" என்று கேட்டேன். துக்கம் சொல்ல வந்தவனை வாசலில் நிறுத்தி விசாரணை செய்கிறாளே என்று அவர் நினைத்திருப்பார். "காலைல எந்திரிக்கலையாம் டீச்சர். நானும் உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுகூட, அங்கே போனால் அவரே வந்து கதவைத் திறப்பார் என்றுதான் நினைத்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு தடவை இதே செய்தி வந்தது. அப்போது அவர் கான்சாபுரத்தில் ஓராசிரியர் பள்ளியில் இருந்தார். நான் அழுது புலம்பி, பஸ் கிடைக்காமல் ஒரு மாட்டுவண்டி பிடித்து, முகமெல்லாம் புழுதியாகப் போய் இறங்கினால், மனுஷி மரத்தடியில் நின்று ஒரு பையனின் காதைத் திருகிக்கொண்டிருக்கிறார். இறந்தது வத்திராயிருப்புப் பக்கத்தில் அதே பெயருள்ள வேறொரு டீச்சர். இவ்வளவு தூரம் அழுதுகொண்டு வந்தவளைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாமா? "நான் செத்துட்டேன்னு உங்கிட்ட யாரு சொன்னா? அப்பிடிச் சொன்னா அவுகளுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

இந்தத் தடவை கதவைத் திறக்க ஆள் இல்லை. அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

அடக்க ஆராதனையில் பேசியவர்கள் அவரைச் சாந்த சொரூபி என்றார்கள். யார்மீதும் குறை காணாதவர் என்று ஒருவர் சொன்னார். எல்லோரிடமும் குழந்தையைப்போல நம்பிக்கை வைத்தவர் என்று இன்னொருவர் சொன்னபோது, இவர் வேறு அடக்கத்துக்குப் போக வேண்டியவர், வழி தவறி இங்கே வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மம்சாபுரத்திலும் கான்சாபுரத்திலும் அவரிடம் படித்தவர்களே, உங்களுக்குத் தெரியும். கடிகாரம் மணி அடித்தால்கூட, அது ஏன் அடிக்கிறது என்று ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்க்கிற மனுஷி அவர். புகழ்ச்சி என்கிற பேரில் அவரை வேறு ஆளாக்கிப் புதைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் மம்சாபுரத்தில் ஓர் எலிமெண்டரி பள்ளிக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் புராட்டஸ்டண்ட் சபை. நான் ரோமன் கத்தோலிக்கம். ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், வேதக்கார டீச்சர்கள் என்பார்கள். எங்களுக்கு அது ஒன்றில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் வீட்டிலிருந்து கொஞ்சம் முறுக்கு கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். அவர் முறுக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எதுக்கு?" என்றார். "சும்மாதான் டீச்சர்" என்றேன். "சும்மான்னு ஒண்ணு கிடையாது சவரி. பசிக்குன்னு குடு, வாங்கிக்கிடுதேன். சும்மான்னு குடுக்காத" என்றார். சவரியம்மாள் என்கிற என் பெயரை அன்றைக்கே பாதியாக வெட்டிவிட்டார். முறுக்கை நான் தனியாகத் தின்றேன். கோபத்தில் ருசிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை என்பது ஒரு தலைவலி. சித்திரை வெயிலில் பிள்ளைகள் ஊரைச் சுற்றும். கிணற்றில் குதிக்கும். யார் தோப்பிலாவது மாங்காய் அடித்து மாட்டிக்கொள்ளும். பள்ளி திறக்கும்போது பாதிப் பிள்ளைகள் எழுத்தை மறந்துவிட்டு வரும், சில பிள்ளைகள் வராமலே போய்விடும். ஒரு வருஷம் எங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு என்று தினமும் ஏதாவது நடத்தலாம், பொழுதும் போகும், பிரயோசனமாகவும் இருக்கும் என்றார். திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பனையோலையில் கிலுகிலுப்பை செய்வது, களிமண்ணில் மாடு வண்டி செய்வது, ஒரு சின்ன நாடகம் என்று யோசித்து வைத்தேன்.

ஞானமணி டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. எடம்?" என்றார். அதுதான் சிக்கல். கோடையில் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்வார்கள், பிள்ளைகளை உட்கார வைக்க நிழல் கிடையாது. "அதுக்கும் எட்மாஸ்டர் வழி பண்ணிட்டாக. ராஜபாளையம் ரோட்டுல பஞ்சுக் கிட்டங்கி வச்சிருக்காகல்லா, அந்த மொதலாளி எடம் தாரேன்னுட்டாக. மோர் தாராகளாம், பொட்டுக்கடலை தாராகளாம். ஒரு போட்டி வச்சுப் பரிசும் தாராகளாம்" என்றேன். டீச்சர் தன் புருவத்தைத் தூக்கினார். அவர் புருவத்தைத் தூக்கினால் ஒரு விஷயம் முடிந்தது என்று அர்த்தம். "மொதலாளி எதுக்குப் பரிசு குடுக்காரு?" என்று கேட்டார். புண்ணியத்துக்கு என்றேன். "புண்ணியம் வேணும்னா கோயிலுக்குப் போவாரு. கிட்டங்கிக்குள்ள எதுக்குப் புண்ணியம்?" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை, அதுதான் எரிச்சல் என்று நினைத்தேன். அவர் நல்லதைச் சந்தேகிக்கிறார் என்று நானும், நான் நல்லவள் வேஷம் போடுகிறேன் என்று அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே அந்த விடுமுறை தொடங்கியது.

பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கிற அந்தக் கிட்டங்கி பெரியது. உயரமான ஓட்டுக் கூரை. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வாசலில் இராஜபாளையத்து வெள்ளை நாய் ஒன்றைக் கட்டிப்போட்டிருந்தார்கள். முதல் நாளே டீச்சர் கூப்பிடாமல் வந்து நின்றார். நாயை வெகுநேரம் பார்த்தார். "பிள்ளைக வந்து வெளையாடுத எடத்துல எதுக்கு நாய்?" என்றார். "திருட்டுப் பயம் டீச்சர்" என்றார் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை. "உள்ள வாரவனைத்தானே கொலைக்கணும்? இது உள்ளாற பாத்துல்லா படுத்திருக்கு" என்றார் டீச்சர். கணக்கப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

காலையில் பாட்டு, பிறகு கதை, பிறகு களிமண். மோர் வந்ததும் போட்டி. பருத்தியில் சரியாக வெடிக்காத காய்கள் இருக்கும். அவற்றை உடைத்து உள்ளே இருக்கிற பஞ்சைப் பிய்த்தெடுத்து, சருகும் தூசியும் பொறுக்க வேண்டும். யார் அதிகம் எடுக்கிறார்களோ அவர்களுக்கு விடுமுறை முடியும்போது பரிசு. பெண் பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி, பையன்களுக்குச் சட்டைத் துணி. பிள்ளைகள் பறந்தார்கள். போட்டி என்றால் என்ன வெறி! சில நாளில் களிமண்ணை யாரும் தொடவில்லை. அப்புறம் கதைக்கும் பொறுமையில்லை. "பிள்ளைக ஆசப்படுதுக டீச்சர், செத்த நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிருவோமா?" என்று கணக்கப்பிள்ளை கேட்பார். பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று கத்துவார்கள். சரி என்பேன். பாட்டு மட்டும் மிஞ்சியது. அதையும் காய் உடைத்துக்கொண்டே பாடினார்கள்.

இதையெல்லாம் டீச்சர் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார். கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், மோர் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார். எனக்கு அவமானமாக இருக்கும். "இப்பிடி வந்து நின்னு நோட்டம் பாக்கிறதுக்கு நீங்க வீட்டுலயே இருக்கலாம்லா?" என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "வீட்டுல என்னத்தப் பாக்க?" என்றார்.

ஒரு நாள் மத்தியானம், வா என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்து ஊருக்குள் இழுத்துக்கொண்டு போனார். ஊர்க் கிணற்றடியில் பெண்டுகள் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்த மாசத்துல இவளுக ஏன் வேலைக்குப் போகாம இருக்காளுக?" என்றார் என் காதில். எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. அவர் போய்ப் பேச்சி என்கிற எங்கள் மாணவியின் அம்மாவிடம் கேட்டார். "வேலை இல்லையா தாயி?" அந்த அம்மா கையை விரித்தாள். "எங்க டீச்சரம்மா? வருசா வருசம் கிட்டங்கியில காய் ஒடைக்கக் கூப்பிடுவாக. இந்த வருசம் காயே வரலையாம். வெள்ளாமை இல்லைன்னுட்டாரு கணக்கப்பிள்ளை" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள்.

அப்போது போட்டி முடிந்து பேச்சி ஓடி வந்தாள். தலைமுடி முழுவதும் பஞ்சு. அவள் அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டு, பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தாள். பழகின கை. ஞானமணி டீச்சர் அந்தக் கையையே பார்த்தார். "காயே வரலைன்னியே, இவ தலையில இது என்னது?" என்றார். அந்த அம்மா சிரித்தாள். "ஐய, அது பள்ளிக்கூடத்துப் பஞ்சுல்லா!" என்றாள். எல்லாப் பெண்டுகளும் சிரித்தார்கள். டீச்சரே இப்படிக் கேட்கிறாரே என்கிற சிரிப்பு அது.

அந்த ஊர் மனசு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் போதும், ஒரு பொருள் சந்தையைவிட்டு வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி, பள்ளிக்கூடத்து மணி, பள்ளிக்கூடத்துப் பஞ்சு. அதை யாரும் விற்பார்கள், வாங்குவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றாது. காயை எப்படி விரைவாக உடைப்பது, நகம் படாமல் பஞ்சை எப்படி ஒரே இழுப்பில் எடுப்பது என்று அந்தத் தாய்மார்களே ராத்திரி உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்க பிள்ளை செயிக்கணும் என்று. தங்கள் வேலையைத் தாங்களே தூக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, வேலை இல்லை என்று கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். "நாளைக்கு நீ ஒண்ணும் சொல்லாத. வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே வந்தார். அதுவரை வாசலைத் தாண்டாதவர். பேச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று, மிகச் சாதாரணமாக, "ஏட்டி பேச்சி, இது போதும். வா, வெளிய போய் வெளையாடுவோம்" என்றார். பேச்சி நிமிர்ந்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கலாமா என்று கேட்கிற பார்வை. அவர் ஒன்றும் சொல்லாததால் திரும்பவும் குனிந்து காயை உடைத்தாள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த எட்டு வயதுப் பெண் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பார்வையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? பாதியில விட்டுட்டு ஓட முடிஞ்சா அது வெளையாட்டு. முடியலைன்னா வேலை. அம்புட்டுத்தான்" என்றார். பிறகு கைதட்டினார். "போட்டி முடிஞ்சது. எல்லாரும் செயிச்சாச்சு. எந்திரிங்க" என்றார். வகுப்பில் அவர் எந்திரி என்றால் பெஞ்சும் எழுந்து நிற்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். அவர் முன்னால் நடக்க, பஞ்சும் தூசியுமாக வரிசையாக வெளியே வந்தார்கள். நாய் குரைத்தது. கணக்கப்பிள்ளையும் அதோடு சேர்ந்து ஏதோ கத்தினார்.

இந்த இடத்தில் அடக்க ஆராதனையில் பேசியவர்களாக இருந்தால், ஊரே அவரை வாழ்த்தியது என்பார்கள். பொய். பிள்ளைகள் பாவாடைத் துணி போயிற்று என்று தெருவெல்லாம் ஒப்பாரி வைத்தார்கள். தாய்மார்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். "உங்களுக்கு எங்க பிள்ளைக நல்லதா உடுத்தினா பொறுக்காதா?" என்று பேச்சியின் அம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். டீச்சர் நின்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "நாளைக்குக் கிட்டங்கிப் பக்கமாப் போய்ப் பாரு தாயி. காய் வந்திருக்கான்னு கேளு" என்று மட்டும் சொன்னார். பெண்டுகள் போனார்கள். பிள்ளைகள் இல்லாமல் காய் மலையாகக் கிடந்தது. வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆனாலும் வேலை கிடைத்ததற்கு யாரும் எங்களை நினைக்கவில்லை, துணி போனதைத்தான் வெகுநாள் பேசினார்கள்.

முதலாளி பெரிய மனிதர். பள்ளி திறந்ததும் ஞானமணி டீச்சரைக் கான்சாபுரத்துக்கு மாற்றினார்கள். என்னை விட்டுவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பஸ் ஏற்ற நான் போயிருந்தேன். தகரப் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "எட்மாஸ்டரோட நீயும்தானே அந்த மொதலாளி வீட்டுக்குப் போன? மொதல்லயே தெரியுமா உனக்கு?"

"சத்தியமாத் தெரியாது டீச்சர்."

"சத்தியம் பண்ணாத. சத்தியம் பண்ணுதவுகளைக் கண்டா எனக்குப் பயம்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. ரோட்டில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். இன்றைக்கும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. நான் மோருக்கும் நிழலுக்கும் நன்றி சொல்லத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். அவர் நம்பினாரா என்பதுதான் அதற்குப் பிறகு எனக்கிருந்த ஒரே கவலை. பிள்ளைகளை விற்கத் துணிந்தவள் என்று ஒரு மனுஷி என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார், ஆளை எடைபோடுவதில் அந்த மனுஷி சாதாரணமாகத் தப்பு பண்ணாதவர். அந்த நினைப்போடு தூங்குவது எளிதில்லை.

கான்சாபுரத்தில் அவரே கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்ட ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டு, ஒரு சித்திரையில் பார்க்கப் போனேன். வற்றிப் போன கண்மாய்க்குள் பிள்ளைகள் ஊரையே வரைந்திருந்தார்கள். சாம்பலைக் கரைத்துத் தெருக்கள், செங்கல் பொடியில் கூரைகள், கோயில், கிணறுகள் எல்லாம். எந்தக் கிணறு எவ்வளவு ஆழம் என்று கயிறுவிட்டு அளந்துவந்து, அந்த அளவுக்கு அங்கே கோடு போட்டிருந்தார்கள். உச்சி வெயிலில் மரத்தடியில் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசியைப் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கினார்கள். குழைந்துபோன சோறு, புகை வாசனை. நானும் ஒரு கை வாங்கித் தின்றேன். டீச்சர் அதையும் முகர்ந்து பார்த்தார்.

அவருடைய சந்தேகம் அவரையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாக விளக்குமாறு எடுத்துப் பள்ளி வளாகத்தைக் கூட்ட ஆரம்பித்தார்களாம். உடனே நிறுத்திவிட்டாராம். "இன்ஸ்பெக்டர் வந்து பாத்தா யாருக்குப் பேரு? எனக்கு. அப்ப அது எனக்கு லாபம். கீழ போடுங்கலே வெளக்குமாத்த" என்றாராம். வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றார்கள். அதற்கு ஒரு வாரம் யோசித்திருக்கிறார். மரம் நிழல் தருவதற்குள் தான் ஓய்வு பெற்றுவிடுவோம், அதனால் பரவாயில்லை என்று அனுமதித்ததாகச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அப்ப பிரயோசனமே இருக்கக் கூடாதா டீச்சர்?" என்றேன். "இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா அது பிள்ளையோட பிரயோசனமா இருக்கணும். பிள்ளைக சிரிக்கதைப் பாத்துட்டு நாம ஏமாந்துரக் கூடாது. கிட்டங்கியிலயும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துதுக" என்றார். கிட்டங்கி என்ற வார்த்தை வந்ததும் நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் நானும் அந்த ஊருக்கு மாறி வந்துவிட்டேன். கோடை வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டுகிறேன். இந்த வருஷம் விடுமுறை தொடங்கிய அன்று, தம்பி மகள் கிருபாவைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் குடையோடு ஞானமணி டீச்சர் வந்து நின்றார். "இவளும் வரட்டும்" என்றார். அவர் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

தினமும் வந்தார். காலை முதல் சாயங்காலம் வரை இருந்தார். பானைத் தண்ணீர் யார் எடுத்து வந்தது என்பார். களிமண் எங்கிருந்து வந்தது, கொடுத்தவர் என்ன கேட்டார் என்பார். ஒரு பையன் சோர்ந்து உட்கார்ந்தால், அவனை எழுப்புகிறேனா, விட்டுவிடுகிறேனா என்று என் முகத்தையே பார்ப்பார். எனக்கும் நரைத்துவிட்டது, இந்த வயதில் இன்னொருவர் முன்னால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. இரவில் வீட்டுக்கு வந்து, எனக்குள்ளேயே அவரோடு சண்டை போடுவேன். இத்தனை வருஷம் கழித்துமா, என்பேன்.

ஒரு நாள் கிருபா மட்டும் தனியாக வந்தாள். "அத்தை எங்கட்டி?" என்றேன். "வீட்டுல இருக்காக" என்றாள். "உடம்புக்கு முடியலையா?" தெரியாது என்று தோளைக் குலுக்கிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெரிய பெண் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, அடுத்த தெருவிலிருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் வரலை டீச்சர்?"

"நான் எதுக்கு? அதான் நீ இருக்கியே" என்றார், முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அப்படியே நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முகம் மாறியது. "பிள்ளைகளைப் போட்டுட்டா வந்த? அறிவிருக்காட்டி உனக்கு? ஓடு!" என்று சத்தம் போட்டார். வெயிலில் ஓடினேன்.

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை, கிருபா மட்டும் வந்தாள். விடுமுறை முடிவதற்குள் சைக்கிளில் அந்தச் செய்தி வந்துவிட்டது. அன்றைக்கே அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்குமோ, நடக்க முடியாமல்தான் வராமல் இருந்தாரோ, நான்தான் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டேனோ என்று எனக்குச் சந்தேகம். அடக்கம் முடிந்த பிறகு, துக்க வீடென்றும் பார்க்காமல், தம்பி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னைக்கா? நல்லாத்தானே இருந்தாக. சாயங்காலம் பெரிய கடைத்தெரு வரைக்கும் நடந்து போய் வெத்தலை வாங்கிட்டு வந்தாக. ஏன் போகலைன்னு நானும் கேட்டேன். சவரி இருக்காள்லான்னாக" என்றாள். மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

அவருடைய குடையை அவருடைய தம்பி வைத்திருக்கிறார். வேதப்புத்தகம் சபைக்குப் போயிற்று. எனக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். உலகத்தில் ஒருவரையும் நம்பாத மனுஷி, தன் வீட்டுப் பிள்ளையைப் பகல் முழுவதும் என் கையில் விட்டுவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து கல் பொறுக்கினார். நன்றாக விசாரித்துவிட்டேன். அந்த நம்பிக்கை எனக்குத்தான்.